அட்டை இல்லாதவர்கள்: கோத்தகிரி முன்னாள் சிப்பாய் ஒருவரின் நிகழ்வு ஆய்வு

இந்த ஆய்வில் வருபவருக்கு நான் பெயர் வைக்கவில்லை. கோத்தகிரி வட்டாரத்தில் அவர் எந்த ஊர், எந்தப் பட்டாலியன் என்பதை விட்டுவிட்டேன். குடும்ப விவரங்கள் சிலவற்றை மாற்றியிருக்கிறேன். எழுதியதை அவருக்கும் அவர் மனைவிக்கும் வாசித்துக் காட்டிச் சம்மதம் வாங்கிய பிறகே வெளியிடுகிறேன். மனநலப் பணியில் இருப்பவர்களுக்காக எழுதியதுதான். பட்டாளத்திலிருந்து திரும்பிய ஒருவர் வீட்டில் இருந்தால், அந்த வீட்டாரும் படிக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

வந்தபோது

2024 கோடையில் முதலில் வந்தது அவர் மனைவிதான். "இவரு தூங்குறதே இல்ல சார். ராத்திரி மூணு மணிக்கு எந்திரிச்சு, ஷேவ் பண்ணி, ஷூ மாட்டிட்டுத் திண்ணையில உக்காந்துர்றாரு. கேட்டா டூட்டிங்கிறாரு. டூட்டி எட்டு மணிக்குத்தான். இப்ப அந்த வேலையும் போயிருச்சு. ஆனா மூணு மணிக்கு எந்திரிக்கிறது நிக்கல."

அவருக்கு அப்போது 59 வயது. 1984-ல் வெலிங்டன் மதராஸ் ரெஜிமென்ட் மையத்தில் ரெக்ரூட்டாகச் சேர்ந்து, 17 வருட சர்வீஸ் முடித்து நாயக்காக ஓய்வு பெற்றவர். அதன்பின் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் நெடுங்காலம் காவல் வேலை. இரண்டு மகள்களையும் கட்டிக் கொடுத்துவிட்டார். ராத்திரி இரண்டு பெக் ரம். கேன்டீன் கோட்டாவுக்கு மேல் போனதில்லை. அக்கம்பக்கத்தில் யாரைக் கேட்டாலும் 'தங்கமான மனுசன், பேச்சுதான் கம்மி' என்பார்கள்.

2024 மே 7-லிருந்து நீலகிரிக்கு வரும் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. அந்தச் சமயத்தில் மலையேறும் சாலையில் உள்ள ஒரு சோதனைச் சாவடியில் அவருக்கு ஒப்பந்த வேலை கிடைத்தது. வண்டியை ஓரங்கட்டச் சொல்வது, எங்கிருந்து வருகிறீர்கள், எங்கே போகிறீர்கள், பாஸ் எங்கே என்று கேட்பது, பையில் பிளாஸ்டிக் பாட்டில் இருக்கிறதா என்று பார்ப்பது. முதல் வாரம் உற்சாகமாகப் போனார். இரண்டாம் வாரத்திலேயே தூக்கம் கெட்டது. மூன்றாம் வாரத்தில்தான் அந்தச் சம்பவம்.

திருப்பூரிலிருந்து ஒரு வேன். ஒரு சாவுக்குப் போகிறவர்கள்; அவசரத்தில் பாஸ் எடுக்கவில்லை. அங்கேயே பதிவு செய்துகொள்ளலாம் என்று ஓட்டுநரிடம் சொல்லியிருக்கிறார்கள். சிக்னல் கிடைக்காமல் நேரம் இழுத்தது. வேனிலிருந்து வயதான அம்மா ஒருவர் இறங்கி வந்து இவர் கையைப் பிடித்துக்கொண்டார். "எங்கிட்ட போனும் இல்ல, அட்டையும் எடுத்துட்டு வரல. நான் இங்க பொறந்தவ தம்பி. எனக்கு எதுக்கு பாஸு?"

இவர் பதில் சொல்லவில்லை. கையை மெல்ல விடுவித்துக்கொண்டு ஷெட்டுக்குப் பின்னால் போய்த் தரையில் உட்கார்ந்துவிட்டார். உடம்பெல்லாம் வேர்வை, மூச்சு வாங்கியது. மாரடைப்பு என்று பயந்து ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனார்கள். இ.சி.ஜி. சரியாக இருந்தது. மறுநாளிலிருந்து வேலைக்குப் போகவில்லை.

அவர் மனைவிக்கு விளங்காதது இதுதான்: "சண்டைக்குப் போயிட்டு வந்தப்பக்கூட இவருக்கு ஒண்ணும் ஆகல சார். ஒரு கெழவி பேசினதுக்கா இப்படி?"

போர் அனுபவம் உள்ளவர்களிடம் வழக்கமாகக் கேட்கும் வினாப் பட்டியலை முதலில் எடுத்தேன். உங்களை நோக்கிச் சுட்டார்களா? பக்கத்தில் இருந்தவர் இறந்து பார்த்தீர்களா? நீங்கள் யாரையாவது சுட்டீர்களா? எல்லாவற்றுக்கும் ஒரே பதில்: "பெருசா ஒண்ணும் இல்ல சார். நான் போறதுக்குள்ள பெரிய சண்டை முடிஞ்சிருச்சு." பட்டியலின்படி மதிப்பெண் குறைவு. அந்தத் தாளை மட்டும் பார்த்தால், போருக்கும் இவர் நோய்க்கும் தொடர்பே இல்லை என்றுதான் எழுத வேண்டியிருக்கும். பட்டியலை மூடி வைத்துவிட்டு, அங்கே ஒரு நாள் எப்படிப் போகும் என்று கேட்டேன். காலையில் கண் விழிப்பதிலிருந்து ராத்திரி படுக்கும் வரை, வரிசையாக. அங்கேதான் பேச்சு திறந்தது.

பிறந்த இடம்

அந்த நாளைச் சொல்வதற்கு முன், அவர் யார் என்பதைச் சொல்லியாக வேண்டும். சர்வீஸ் புத்தகத்தில் சொந்த ஊர் கோத்தகிரி. பிறந்தது அங்கே அல்ல. இலங்கையில், ஹட்டன் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீட்டில்.

நீலகிரியில் இருப்பவர்களுக்கு இந்தக் கதை தெரியும். 1948-ல் இலங்கை கொண்டுவந்த குடியுரிமைச் சட்டம் மலையகத் தோட்டத் தமிழர்களை நாடற்றவர்களாக்கியது. 1964 அக்டோபர் 30-ல் சிறிமாவோவும் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தத்தில் 5,25,000 பேரை இந்தியா ஏற்பது, 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை தருவது என்று முடிவானது. மிச்சமிருந்த 1,50,000 பேரை 1974-ல் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். அண்ணன் இந்தியாவுக்கு மனுப் போட்டிருப்பார், தம்பி இலங்கைக்கு. ஒரே லயத்தில் அடுப்பைப் பங்கிட்டு வாழ்ந்தவர்கள் இரண்டு நாட்டுக்காரர்கள் ஆனார்கள். இந்தியாவுக்கு வந்தவர்களுக்கு வேலை கொடுக்கத்தான் தமிழக அரசு நீலகிரியில் காட்டைத் திருத்தித் தேயிலை போட்டது. டான்டீ என்ற அரசுத் தேயிலைத் தோட்டக் கழகம் உருவானது அப்படித்தான். கோத்தகிரி, குன்னூர், நடுவட்டம், பந்தலூர், சேரம்பாடி என்று இன்றைக்கும் 'சிலோன்காரங்க லைன்' இருக்கிறது.

இவர் குடும்பம் 1973-ல் வந்தது. அப்போது இவருக்கு எட்டு வயது. ரயிலில் தலைமன்னார், அங்கிருந்து கப்பலில் ராமேஸ்வரம், பிறகு மண்டபம் முகாம், கடைசியில் கோத்தகிரி. அம்மாவின் தங்கை வரவில்லை. அந்தக் குடும்பம் இலங்கைக் குடியுரிமைக்கு மனுப் போட்டிருந்தது. 1977 கலவரத்தில் லயத்தை எரித்தபோது சின்னம்மா குடும்பம் வடக்கே ஓடி, வவுனியா மாவட்டத்தில் செட்டிகுளம் பக்கம் குடியேறியதாக ஒரு கடிதம் வந்தது. அக்காலத்தில் மலையகத்திலிருந்து வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் அப்படிப் போன குடும்பங்கள் ஏராளம். அதன்பின் கடிதம் இல்லை.

1987 ஜூலை 29-ல் ராஜீவ் - ஜெயவர்த்தனா ஒப்பந்தம். அடுத்த நாளே இந்திய அமைதிப்படை இறங்கியது. அக்டோபரில் புலிகளோடு போர் மூண்டது. இவர் போனது யாழ்ப்பாணம் பிடிபட்ட பிறகு, நவம்பரில். தமிழ் தெரிந்த ஜவான்களுக்கு எல்லா இடத்திலும் தட்டுப்பாடு. இந்தி பேசும் வடக்கத்தி யூனிட் ஒன்றோடு இவரை மொழிபெயர்ப்பாளராக இணைத்து வவுனியாவுக்கு அனுப்பினார்கள். அந்தக் கம்பெனியில் தமிழ் தெரிந்தவர் இவர் மட்டும்தான். வயது 22.

வவுனியாவில் ஒரு நாள்

விடிவதற்கு முன்னால் ஸ்டாண்ட்-டூ. ஆளுக்கொரு மோர்ச்சாவில் (காவல் குழியில்) எஸ்.எல்.ஆர். ரைபிளோடு இறங்கி, வெளிச்சம் வரும் வரை காட்டைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். அது முடிந்தால் ஷேவிங். தண்ணீர் இருக்கிறதோ இல்லையோ, முகத்தில் மயிர் இருக்கக் கூடாது. பிறகு மக் நிறைய டீ. "அந்த டீத்தூளு எந்தத் தோட்டத்துதுன்னு வாசனையிலயே பாக்கத் தோணும் சார். எங்க அம்மா கொழுந்து பறிச்ச கை இல்லையா."

கேம்ப் இருந்தது ஒரு பள்ளிக்கூடத்தில். இவர் படுத்த அறையில் கரும்பலகையில் ஒரு வகுத்தல் கணக்கு பாதியில் நின்றிருந்தது. யாரும் அதை அழிக்கவில்லை. இரவில் தூக்கம் வராதபோது இவர் மனசுக்குள் அந்தக் கணக்கை முடித்துப் பார்ப்பாராம். மீதி மூன்று வரும் என்று இன்றைக்கும் சொல்கிறார்.

அடுத்து ரோடு ஓப்பனிங். லாரிகள் போவதற்கு முன் காலாட்கள் சாலையின் இரு புறமும் நடந்து போய்க் கண்ணிவெடி இல்லை என்று உறுதி செய்ய வேண்டும். ஆளுக்கு ஆள் இடைவெளி விட்டு நடப்பார்கள். புதிதாகத் தோண்டிய மண், வெட்டிப் போட்ட புல், காரணமில்லாமல் கிடக்கும் ஒயர் எல்லாவற்றையும் கவனிக்க வேண்டும். ஒவ்வொரு மோரிப் பாலத்திலும் ஒருவர் இறங்கி அடியில் எட்டிப் பார்க்க வேண்டும். பனியில் வளர்ந்த உடம்புக்கு வவுனியா வெயில் ஒத்துக்கொள்ளவில்லை, முதுகெல்லாம் வேர்க்குரு. மலேரியா மாத்திரையை வரிசையில் நிற்க வைத்து, விழுங்கினதைக் காட்டச் சொல்வார்கள்.

கோத்தகிரியிலிருந்து குன்னூர் போகும் சாலையில் இத்தனை வருடமாக அவர் ஒவ்வொரு மோரியிலும் நின்று குனிந்து பார்த்துவிட்டுத்தான் நடக்கிறார். பாம்பு, காட்டெருமை ஏதும் இருக்கிறதா என்று பார்க்கிறார் என்றே அவர் மனைவி நினைத்திருந்தார்.

சாப்பாட்டைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. டின் காய்கறி, பருப்பு, சப்பாத்தி. சோறு வேண்டும் என்று லங்கர்க்காரரிடம் (சமையல்காரரிடம்) கெஞ்ச வேண்டும். கையில் காசு இருந்தால் டவுன் கடையில் ஜப்பான் ரேடியோ, டேப் ரெக்கார்டர் வாங்கலாம்; நம் ஊரில் அப்போது அவை எளிதில் கிடைக்காது. லீவுக்குப் போகும் எல்லார் கையிலும் ஒரு பெட்டி இருக்கும். இவர் அம்மா கடிதத்தில் கேட்டது இரண்டே பொருள்: ராணி சந்தன சோப்பும், சம்பலுக்குப் போட மாசிக் கருவாடும். கடைசியில் ஒரு வரி: 'சின்னம்மா வீடு பக்கத்தில் இருந்தால் பார்த்துவிட்டு எழுது.'

நாளின் பெரிய பகுதி இரண்டு இடங்களில் கழிந்தது. ஒன்று, கேம்ப் வாசல். 1989-ல் இந்தியப் படை பின்னால் நின்று ஆதரித்த இயக்கங்கள் பையன்களைப் பிடித்துப் போய்ப் படை கட்டின. பிள்ளையைத் தேடி அம்மாக்கள் விடிந்ததும் கேம்ப் வாசலில் வந்து உட்கார்வார்கள். கையில் பையனின் போட்டோ, பள்ளிக்கூடச் சான்றிதழ். அவர்கள் அழுதுகொண்டே சொல்வதை இவர் இந்தியில் இரண்டு வரியாகச் சுருக்கிச் சொல்ல வேண்டும். அதிகாரி அரை வரியில் பதில் சொல்வார். அதைத் தமிழாக்கி அம்மாக்களிடம் சொல்ல வேண்டும். "ஆபீசர் இந்தியில சொன்னா அது அவர் சொன்னது. நான் தமிழ்ல சொல்லும்போது, நானே அந்தம்மாகிட்ட சொன்ன மாதிரி ஆயிரும். அவங்க என் மூஞ்சியத்தான பாப்பாங்க."

இன்னொன்று, செக்போஸ்ட். வருகிற சனங்கள் சைக்கிளை விட்டு இறங்கி உருட்டிக்கொண்டு வர வேண்டும். எங்கிருந்து வர்றீங்க, எங்க போறீங்க, அட்டை எங்க? காலையிலிருந்து சாயங்காலம் வரை இந்த மூன்று கேள்விதான். யாரிடமாவது நாலு வார்த்தை கூடுதலாகப் பேசிவிட்டால், பக்கத்தில் நிற்கும் ஜவான் 'என்ன பேசினாய்?' என்று கேட்பான். ஒரே மொழி பேசுகிறவன் என்பதால் கம்பெனிக்கும் இவர் மேல் முழு நம்பிக்கை கிடையாது. யூனிஃபார்ம் போட்டவன் என்பதால் சனங்களுக்கும் கிடையாது.

அட்டை என்றால் இலங்கையின் தேசிய அடையாள அட்டை. அது இல்லாதவர் மேல் சந்தேகம். ஓரமாக உட்கார வைத்து, தெரிந்தவர் யாராவது வந்து பொறுப்பேற்றால் விடுவார்கள். வராவிட்டால் சாயங்காலம் லாரியில் ஏற்றி வேறு கேம்ப்புக்குக் கொண்டுபோவார்கள். அங்கே அவர்களுக்கு என்ன ஆனது என்று இவருக்குத் தெரியாது.

அட்டை இல்லாமல் மாட்டியவர்களில் மலையகத்திலிருந்து ஓடி வந்தவர்கள் நிறையப் பேர். காரணம் எளிது. நாடற்றவராக விடப்பட்டவருக்கு அடையாள அட்டை எங்கிருந்து வரும்? மிச்சமிருந்த நாடற்றவர்களுக்குக் குடியுரிமை தர இலங்கை நாடாளுமன்றம் சட்டம் போட்டதே 1988-ல்தான். அது போர் நடக்கும் காட்டோரக் கிராமத்தில் கையில் அட்டையாக வந்து சேர எத்தனை காலமாகும்?

இதெல்லாம் அந்தச் செக்போஸ்டில் தெரிந்த ஒரே இந்தியச் சிப்பாய் இவர்தான். ஒருநாள் நடுத்தர வயது ஆள் ஒருவர், அட்டை கேட்டதற்கு, சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த ஒரு சீட்டை எடுத்து நீட்டினார். தோட்டத்து ஆஸ்பத்திரிச் சீட்டு. மடிப்பெல்லாம் கிழிந்து, பிளாஸ்டிக் உறையில் இருந்தது. அதிகாரி திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு 'இது என்ன?' என்று இவரிடம் கேட்டார். அதே மாதிரிச் சீட்டு ஒன்று கோத்தகிரியில் அம்மாவின் டிரங்குப் பெட்டியில் இருக்கிறது. இவர் பிறந்ததற்கான சீட்டு. இவர் சொன்ன பதில்: "ஏதோ பழைய காகிதம் சாப்." அந்த ஆளை ஓரமாக உட்கார வைத்தார்கள். சாயங்காலம் லாரி வந்தது.

ஏன் சொல்லவில்லை என்று நான் கேட்கவில்லை. அவரே சொன்னார். சொன்னால் 'உனக்கு எப்படித் தெரியும்?' என்று கேட்பார்கள். பிறந்த இடம் வெளியே வரும். சிலோனில் பிறந்தவன், சொந்தக்காரர்கள் இந்தப் பக்கம் இருக்கிறார்கள் என்று தெரிந்தால் வேலை போகும், அல்லது அதைவிட மோசமாகும் என்று பயந்தார். 22 வயசுப் பையன். அவன் மணியார்டரில்தான் லயத்தில் அடுப்பு எரிந்தது. அந்தப் பயம் ஆதாரமில்லாதது என்று என்னால் சொல்ல முடியவில்லை.

வீட்டுக் கணக்கு

1989 நடுவில் ஒரு நாள் செட்டிகுளம் பக்கம் ஒரு குடியேற்றக் கிராமத்தைச் சுற்றி வளைத்தார்கள். வீடு வீடாகப் போய் எத்தனை பேர், பெயர் என்ன, தகப்பன் பெயர் என்ன, எங்கிருந்து வந்தவர்கள் என்று எழுத வேண்டும். இவர் கையில் நோட்டுப் புத்தகம். இரண்டு ஜவான்கள் துணைக்கு.

ஒரு மண்வீடு. வாசலில் நின்ற பெண்ணிடம் வழக்கமான கேள்வி. பெயர் சொன்னார். தகப்பன் பெயர் சொன்னார். அது இவருடைய தாத்தாவின் பெயர். ஹட்டன் பக்கத்துத் தோட்டத்தின் பெயரையும் சொன்னார். அதுவும் சரியாக இருந்தது. இவர் தலையைத் தூக்காமல் எழுதினார். தாத்தா பெயரைத் தன் கையெழுத்திலேயே அந்த நோட்டில் எழுதினார். "எழுத்து கோணக் கூடாதுன்னு மட்டும் நெனச்சேன் சார். கோணினா பக்கத்துல நிக்கிறவன் பாத்துருவான்."

அந்த அம்மா மூன்று பேருக்கும் செம்பில் தண்ணீர் கொடுத்தார். இவர் குடித்து முடித்துச் செம்பைத் திருப்பிக் கொடுத்தபோது கேட்டார்: "ஊர்ல அம்மா சொகமா இருக்காங்களா தம்பி?"

எந்தச் சிப்பாயைப் பார்த்தாலும் எந்த அம்மாவும் கேட்கிற கேள்விதான் அது. தெரிந்து கேட்டாரா, தெரியாமல் கேட்டாரா என்பது இவருக்கு இன்றுவரை தெரியாது. "இருக்காங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனார். அந்தப் பக்கம் மறுபடி போகும் வாய்ப்பு ஒருமுறை வந்தது; காய்ச்சல் என்று சொல்லித் தப்பித்துக்கொண்டார். இந்தியப் படையோடு பழகினார்கள் என்று பெயர் வந்தால் அந்தச் சனங்களுக்கு அடுத்த வாரமே ஆபத்து வரும் என்பதும் அவருக்குத் தெரியும். தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் விலகினாரா, அவர்களைக் காப்பாற்றவா? 'ரெண்டும்தான்' என்கிறார். எது முதலில் என்று கேட்டால் பேசாமல் இருக்கிறார்.

திரும்பிய பிறகு

1990 தொடக்கத்தில் இவர் யூனிட் கப்பலேறியது. மார்ச் 24-ல் கடைசிப் படையும் இலங்கையை விட்டுக் கிளம்பியது. சென்னைத் துறைமுகத்தில் வரவேற்கப் போவதில்லை என்று முதல்வர் கருணாநிதி அறிவித்திருந்தார். தமிழ்நாட்டில் அன்றிருந்த கோபத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை: 1987 அக்டோபரில் யாழ் ஆஸ்பத்திரிக்குள் டாக்டர்களும் நர்சுகளும் நோயாளிகளும் கொல்லப்பட்டது, 1989 ஆகஸ்டில் வல்வெட்டித்துறையில் பொதுமக்கள் கொல்லப்பட்டது. அதே மண்ணில் 1,100-க்கு மேற்பட்ட இந்தியச் சிப்பாய்களும் செத்திருந்தார்கள். இவர் அந்த இரண்டு இடத்திலும் இல்லை. ஆனால் நீலகிரி எக்ஸ்பிரசில் மேட்டுப்பாளையம் வரை யூனிஃபார்மைப் பைக்குள் வைத்துக்கொண்டு வந்தார்.

லயத்தில் நுழைந்ததும் ஒரு பெரியவர் கேட்டாராம்: "நம்ம சனத்தையே சுடப் போனியாடா?" அம்மா சோப்பை முகர்ந்து பார்த்துவிட்டுக் கேட்டது ஒன்றே ஒன்று: "சின்னம்மாவப் பாத்தியா?"

"இல்லம்மா. அந்தப் பக்கம் போகவே இல்ல."

1991 மே 21-ல் ராஜீவ் கொல்லப்பட்ட பிறகு, சிலோன் பேச்சு வாயில் வந்தாலே திரும்பிப் பார்த்தார்கள். இவர் இன்னும் இறுகிப் போனார். 2009-ல் போர் முடிந்து, முள்வேலிக்குள் லட்சக்கணக்கானவர்களை அடைத்து வைத்த மெனிக் பாம் முகாம் செட்டிகுளத்தில்தான் இருந்தது. டி.வி.யில் அந்தப் பெயரைக் கேட்டதிலிருந்து அம்மா தினமும் செய்தி நேரத்தில் திரைக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டார், கூட்டத்தில் தங்கை முகம் தெரிகிறதா என்று. இவர் அந்த நேரத்தில் வீட்டில் இருக்க மாட்டார். 2011-ல் அம்மா இறந்தார்.

என் கணிப்பு

உளமருத்துவர் பதிவு செய்தது தூக்கக் கோளாறு, மனச்சோர்வு, போர் சார்ந்த நெருக்கீட்டு அறிகுறிகள். அதில் எனக்கு மறுப்பு இல்லை. பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மனநெருக்கீடு (PTSD) 1980-லேயே அமெரிக்க உளமருத்துவக் கையேட்டில் ஏறிவிட்டது. அதில் முதன்மையாகப் பேசப்படுவது, உயிர் போய்விடும் என்ற பயம். இவரிடம் அந்தப் பயமும் இருக்கிறது, மோரிப் பாலங்களில் தெரிகிறது. ஆனால் அதோடு இவர் 30 வருடம் வேலை செய்தார், பிள்ளைகளை வளர்த்தார். சாய்த்தது வேறு. வியட்நாம் வீரர்களோடு வேலை பார்த்த ஜொனதன் ஷே என்ற உளமருத்துவர் 1990களில் இதைத் தனியாகப் பிரித்துப் பேசினார்; அவர் சொன்னது, அதிகாரத்தில் இருப்பவர் நியாயத்தை மீறும்போது படும் காயம். பின்னால் 2009-ல் பிரெட் லிட்ஸும் அவர் சகாக்களும் அதை விரித்தார்கள்: சரி என்று தான் நம்புவதற்கு எதிராக நடந்துகொள்ள நேர்ந்ததால், அல்லது சும்மா நின்றதால், மனசாட்சியில் படும் காயம்.

இவர் விஷயத்தில் அந்தக் காயம் ஒரே நாளில் பட்டதல்ல. இரண்டு வருடம், தினமும் அதே மூன்று கேள்விகளில் கொஞ்சம் கொஞ்சமாகப் பட்டது. அதனால்தான் தீபாவளி வெடிச் சத்தத்தில் கலங்காத மனிதர், 'எனக்கு எதுக்கு பாஸு?' என்ற கேள்வியில் உட்கார்ந்துவிட்டார். சாவடி வேலை அவருக்குப் புதிய வேலை அல்ல. பழைய வேலையே திரும்ப வந்தது.

ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். அந்தச் செக்போஸ்டில் அதிகம் இழந்தவர் இவர் அல்ல. ஓரமாக உட்கார வைக்கப்பட்டவர். அந்தச் சனங்களுக்கு நேர்ந்த மனக்காயத்தைப் போருக்கு நடுவிலேயே யாழ்ப்பாணத்தில் இருந்து பதிவு செய்தார் உளமருத்துவர் தயா சோமசுந்தரம். சிப்பாய்க்குச் சிகிச்சை கொடுப்பது அவருக்கு நற்சான்று எழுதுவதாக ஆகிவிடக் கூடாது. 'உங்கள் மேல் தப்பில்லை, சின்ன வயசு' என்று ஆறுதல் சொல்ல எனக்கு வாய் வந்ததுண்டு, அடக்கிக்கொண்டேன். அவரும் அதைக் கேட்டு வரவில்லை. "தப்பில்லன்னு சொல்லாதீங்க சார். அப்ப அந்தாளு யாருக்குமே தெரியாம போயிருவாரு" என்றார்.

செய்ததும் நடந்ததும்

மருந்து குறைந்த அளவில் தொடங்கியது. ரம்மை நிறுத்தச் சொன்னோம். குறைத்திருக்கிறார், முழுதாக நிற்கவில்லை. ராத்திரியில் தாங்க முடியாமல் போனால் கூப்பிட 14416 என்ற அரசு மனநல உதவி எண்ணை (டெலி-மனஸ்) மனைவியின் போனில் பதிந்து கொடுத்தேன்.

பேச்சு வழியான சிகிச்சையில் நான் பிடித்துக்கொண்டது அந்த 'ஒரு நாள்' முறையைத்தான். நேராகச் சின்னம்மா வீட்டுக்குப் போகாமல், ஸ்டாண்ட்-டூ, ஷேவிங், டீ, ரோடு, வாசல், செக்போஸ்ட் என்று ஒவ்வொரு முறையும் நாளின் வரிசையிலேயே நடத்திச் சென்றேன். டீ வரை நிதானமாகச் சொல்வார். கேம்ப் வாசல் வந்தால் குரல் தாழும். செக்போஸ்டின் படத்தை ஒரு தாளில் வரையச் சொன்னேன்: தடுப்புக் கட்டை எங்கே, அதிகாரி எங்கே, மர நிழல் எங்கே. ஓரமாக உட்கார வைக்கும் இடத்தைக் கடைசி வரை வரையவில்லை. வெகு நாள் கழித்துத் தானாகவே தாளை இழுத்து அங்கே ஒரு சிறு கட்டம் போட்டார். அதற்கப்புறம்தான் ஆஸ்பத்திரிச் சீட்டு பற்றிய பேச்சே வந்தது.

சின்னம்மா விஷயத்தை மனைவியிடம் சொல்ல வேண்டும் என்பது அவர் எடுத்த முடிவு. சொன்னதும் பாரம் இறங்கி எல்லாம் சரியாகிவிடவில்லை. அக்காவுக்கு, அதாவது அவர் மனைவிக்கு, வந்தது கடுங்கோபம். மாமியாரைக் கடைசி வரை பார்த்துக்கொண்டவர் அவர். "அந்தம்மா கண்ணு மூடுற வரைக்கும் தங்கச்சி தங்கச்சின்னு கெடந்துச்சு. ஒரு வார்த்தை, உசுரோட பாத்தேன்னு சொல்லியிருந்தா என்ன கொறைஞ்சிருக்கும்?" பல நாள் அவரோடு பேசவில்லை. அந்த நாட்களில் இவர் நிலை சற்று மோசமானது. மருந்தின் அளவைக் கூட்ட வேண்டி வந்தது. குடும்பத்தாரிடம் உண்மையைச் சொல்ல வைக்கும்போது, கேட்பவருக்கும் பக்கத்தில் ஆள் வேண்டும். அக்காவுக்காகத் தனியாக நேரம் ஒதுக்கிப் பேச ஆரம்பித்தேன்.

பேச்சு மறுபடி தொடங்கியது அக்காவால்தான். டிரங்குப் பெட்டியைக் குடைந்து, 1977-க்குப் பிறகு வந்த அந்தக் கடைசிக் கடிதத்தை எடுத்து வந்தார். செட்டிகுளம் விலாசம் இருந்தது. இவருடைய பிறப்புச் சீட்டும் அதே பெட்டியில் கிடைத்தது. சீட்டை அவர் தொடவில்லை. அக்காவே லேமினேட் பண்ணி வைத்திருக்கிறார்.

இப்போது ராத்திரி நாலரை, ஐந்து மணி வரை தூங்குகிறார். சாவடி வேலைக்குத் திரும்பப் போவதில்லை. ஒரு நாற்றுப் பண்ணையில் பகல் வேலை பார்க்கிறார். மோரிகளில் எட்டிப் பார்ப்பது நிற்கவில்லை. அதை நிறுத்தச் சொல்லி நான் கேட்கவும் இல்லை. யாருக்கும் கெடுதல் இல்லாத பழக்கம்.

அந்தக் கிராமத்துக்குப் பொறுப்பான கிராம அலுவலருக்கு ஒரு கடிதம் எழுதி வைத்திருக்கிறார்கள்: இந்தப் பெயருள்ளவர், அவர் பிள்ளைகள் யாராவது இருக்கிறார்களா என்று விசாரித்து. இன்னும் தபாலில் சேர்க்கவில்லை. 1989-ல் வீட்டுக் கணக்கு எழுத வந்த சிப்பாய் நான்தான் என்ற வரியைச் சேர்க்க வேண்டும் என்று அவர் பிடிவாதமாக இருக்கிறார். முதல் கடிதத்தில் அது வேண்டாம், இருக்கிறார்களா என்று மட்டும் கேட்போம், பதில் வந்தால் நேரில் போய்ச் சொல்லுங்கள் என்கிறார் அக்கா. கடிதம் எவர் கையில் முதலில் கிடைக்கும், அங்கே யார் படிப்பார்கள் என்று தெரியாத நிலையில் எனக்கும் அக்கா சொல்வதே சரியாகப் படுகிறது. அவரிடம் அதைச் சொல்லியிருக்கிறேன். யோசிக்கிறேன் என்றிருக்கிறார்.